காலிக் கோட்டையில் ஒரு சேலையின் நிறம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைத் தேடி ஏமாந்தவர்கள் மன்னியுங்கள் — நான் கடலில் இருந்தேன்.

கண்டிக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்கிறீர்களா? கட்டுகஸ்தோட்டைக் காசிம் நானாவுக்கு ஒரு பாய்த்தோணி உண்டு. கொழும்பிலிருந்து காலிக்குச் சரக்கு ஏற்றிப்போவது. "ஸ்கூல் லீவுதானே மாஸ்டர், வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். கூட்டுக் குடும்பம். நானும் செல்லமும் தனியாக நாலு வார்த்தை பேசியதில்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்ததாகக்கூட ஞாபகமில்லை. இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லையோ... என்று உள்ளுக்குள் ஓர் அரிப்பு. கடற்காற்றாவது பேச வைக்கட்டும் என்று கிளம்பினேன்.

தோணியில் பேச்சா? வாந்திதான். இருவருக்கும்.

காலியில் கால் வைத்ததும் உயிர் வந்தது. "காத்து திரும்புறதுக்குள்ள வந்துருங்க மாஸ்டர். அது யாருக்காகவும் நிக்காது" என்று சொல்லி அனுப்பினார் நானா.

கோட்டைக்குள் நான் முன்னால், அவள் பின்னால். நம் ஊர் வழக்கம் அதுதானே? புருஷன் திரும்பித் திரும்பிப் பார்த்தால் கௌரவம் என்னாவது? ஆகவே திரும்பாமலே பேசிக்கொண்டு போனேன். பீரங்கி, ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம், மதிலில் மோதும் அலை — ஒன்றையும் விடவில்லை. வெளிச்சவீட்டடியில் "எப்படி?" என்று பெருமையாகத் திரும்பினால்... ஆள் இல்லை.

தெருத் தெருவாக ஓடினேன். ஒரு கடைக்காரரிடம், "என் சம்சாரம்... செல்லம்னு பேரு. பார்த்தீங்களா?" என்றேன்.

"பேர வச்சி நான் என்ன செய்ய? சேல என்ன கலர்?"

காலையிலிருந்து கூடவே வந்தவள்... சத்தியமாகத் தெரியவில்லை. காற்று வேறு திரும்பத் தொடங்கியிருந்தது.

அடுத்த சந்தில், பாதி திறந்த கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "கொஞ்சம் நில்லுங்க." முக்காடு போட்ட ஓர் அம்மாள். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வெயில்லயும் குடைய மடிச்சிக் கக்கத்துல வச்சீக்கிறாரு. வலது செருப்பு வெளிப்பக்கம் தேஞ்சீக்கி. பதறினா காதத் தடவுவாராம்..."

என் கை காதில்தான் இருந்தது.

"இவருதான். உள்ள வாங்க மகன். வழி தவறி என் வாசல்ல அழுதுக்கிட்டு நின்னா. புருசன் பேரச் சொல்லுங்க மகள்னு எவ்வளவு கேட்டும் வாயத் தொறக்கல்ல. அடையாளம் மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தா."

உள்ளே ஒரு கதிரையின் நுனியில் உட்கார்ந்து, அழுது சிவந்த கண்களோடு செல்லம்.

"பயந்துட்டியா?" என்றேன்.

"எனக்கென்னங்க, நான் இந்தம்மாகிட்ட இருந்தேன். நீங்கதான் சாப்பிடாம வெயில்ல அலைவீங்களேன்னு..." என்றாள். என் முகத்தை நேராகப் பார்த்து.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பேர் தெரிந்தால் ஆளைத் தெரிந்த மாதிரி என்று நினைத்துக்கொள்கிறோம். பேரே சொல்லாதவள் என்னைத் தலை முதல் கால் வரை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள்!

தோணியைப் பிடித்துவிட்டோம். இப்போது கண்டிக் கடைத்தெருவில் அவள் முன்னால், நான் பின்னால். "மாஸ்டருக்கு என்ன ஆச்சு?" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கரும்பச்சைச் சேலை. அரக்குக் கரை. இனி யார் கேட்டாலும் சொல்வேன்.