கோபுரத்தின் கதவு

ஆலையில் அவளுக்குக் கறாரக்கா என்று பெயர். ரப்பர் போல இழுபடும் செயற்கை நூலைச் சோதிப்பது அவள் வேலை. ஒரு துண்டை மூன்று மடங்கு நீளத்துக்கு இழுத்து விடுவாள். பழைய அளவுக்குச் சுருங்கினால் நல்ல நூல். தொய்ந்து நின்றால் யார் கெஞ்சினாலும் திருப்பி அனுப்பிவிடுவாள்.

கீழே கோபுரத்தில் நூல் இறக்கியவர்தான் பிறகு அவள் கணவரானார். கரைப்பானில் கூழாகக் கரைத்த பிசின், கோபுரத்தின் உச்சியில் உள்ள மிகச் சிறிய துளைகள் வழியே இறங்கும். சூடான காற்று கரைப்பானை உலர்த்த, அது இழையாகும். சூடு மிஞ்சினால் நூல் மஞ்சளடிக்கும். குறைந்தால் ஈரம் தங்கித் தொய்யும். திருப்பி அனுப்பிய சரக்குக்காகச் சண்டை போட மாடியேறி வந்தவர், சண்டை தீர்ந்த பிறகும் வந்துகொண்டிருந்தார். கல்யாணத்தில் ஆலைக்காரர்கள், "சரக்கை மட்டும் திருப்பி அனுப்புற, ஆளை வச்சுக்கிட்டியே" என்று கேலி செய்தார்கள்.

சில வருடங்களில் மேலாளர் நூல் சுற்றும் வேகத்தைக் கூட்டினார். இழை உலர நேரம் போதவில்லை. தொய்ந்த நூலாக வந்து குவிந்தது. அவளும் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தாள். வீட்டில் அதைச் சொல்லி வருத்தப்பட்டால், "நீ உன் வேலைய சரியா பாரு. கீழ நான் பாத்துக்கறேன்" என்று பேச்சை முடித்துவிடுவார்.

முதலில் அவருக்குச் சாப்பாடு பிடிக்காமல் போனது. பிறகு கண் மஞ்சளானது. கல்லீரல் கெட்டு வெகுகாலமாகிறது என்ற டாக்டர், வேலையில் எதைச் சுவாசிக்கிறார் என்று கேட்டார். வெளியே வந்ததும், உடன் வந்திருந்த ஆலை ஃபிட்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஈரம் தங்கிய இழைகள் கோபுரத்துக்குள் ஒட்டிக்கொள்ளும்; சரக்கு திரும்பி வரும்போதெல்லாம் அவற்றைக் கையால் பிய்த்தெடுத்துவிட்டுத்தான் மறுபடி நூல் இறக்க வேண்டும். நிறுத்தினால் மேலாளர் திட்டுவார் என்று, கோபுரம் ஓடும்போதே அவள் கணவர் கதவைத் திறப்பார். கரைப்பானின் ஆவி நேராக முகத்தில் அடிக்கும்.

அவள் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் பாஸ் பண்ணி விட்டிருப்பேனே."

"நீ விட்டிருப்பேன்னு தெரியும். அதான் சொல்லல," என்றார் அவர்.

அதன்பின் அவர் வீடு திரும்பவில்லை.

துக்கம் முடிந்து அவள் அதே மேஜைக்குப் போனாள். மறுவாரமே தொய்ந்த நூல் வந்தது. திருப்பி அனுப்பக் கை எழவில்லை. ஏற்றுக்கொள்ளவும் மனம் வரவில்லை. படியிறங்கிப் போனாள். கோபுரத்துக்குப் புதிதாக வந்திருந்த பிள்ளைகுட்டிக்காரர் கதவில் கை வைத்திருந்தார். அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். இரைச்சல் அடங்கியது. மேலாளர் ஓடிவந்து, யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று கத்தினார்.

"ஆவி வெளிய போகட்டும் சார். அப்புறம் திறக்கட்டும்."

ஃபிட்டர் வந்து அவள் பக்கத்தில் நின்றார். பிறகு இன்னும் சிலர். மேலாளர் வேகத்தைக் குறைக்கவில்லை. ஆனால் அன்று முதல், நிறுத்தி ஆவி போன பிறகே அந்தக் கதவைத் திறந்தார்கள்.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா" என்று வாயெடுத்துவிட்டாள். அவர் உட்காரும் நாற்காலியில் துவைத்த துணி குவிந்து கிடந்தது. அவள் ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.