தார்ப்பாய் விரித்த ஆடிப் பதினெட்டு

“சேலத்தில் புறப்பாடு, சேலத்தில் இறக்கம். தனியாக. மேற்குக் காற்று, பலம். பார்வைத் தெளிவு நன்று. ஆற்றில் தண்ணீர் நிறைய.”

அக்காவின் பறத்தல் பதிவேட்டில், ஓர் ஆடிப் பதினெட்டுக்கு எதிரே ஆங்கிலத்தில் உள்ள குறிப்பைத் தமிழில் தந்திருக்கிறேன். கடைசி வரிக்கு அந்தப் பதிவேட்டில் வேலையே இல்லை. பரமத்தி வேலூரில் பிறந்தவர் காவிரியைப் பார்த்துவிட்டு அதை எழுதாமல் விட்டிருக்க மாட்டார்.

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த மலரைப் பெறுகிற உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலரில் என்ன எழுத வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன்.

“அன்னைக்கு மேலிருந்து அவ என்னையப் பாத்தாளா இல்லியான்னு மட்டும் தெரிஞ்சு எழுது சாமி. மத்ததெல்லாம் எனக்கே தெரியும்” என்றார்.

அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்க நெருங்க, அந்த ஒன்றுதான் என்னை உட்கார விடாமல் அலைக்கழித்தது.

அக்கா பிறந்தது ஆவணியில். பள்ளிச் சான்றிதழில் வைகாசியில் வருகிற தேதி இருக்கும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது போதவில்லை என்று அன்றைய ஆசிரியர் மாற்றிப் போட்டது அது. அப்பா முதலில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். பிறகு லாரி வாங்கித் தாமே ஓட்டினார். அக்கா பிளஸ் டூ படித்த ஆண்டில், வடக்கே சரக்கு ஏற்றிப் போனபோது, சாலையோரம் விளக்கில்லாமல் நிறுத்தியிருந்த லாரியில் மோதி இறந்தார். வீடு திரும்பிய பொருள்களில் அந்த லாரியின் மஞ்சள் தார்ப்பாயும் ஒன்று. அதை விற்க அம்மா விடவில்லை.

அக்கா தபால் வழியில் பி.காம். முடித்தார். நாமக்கல்லில் ஒரு முட்டை வியாபாரியிடம் கணக்கு எழுதினார். பிறகு வங்கிக் கடனில் சொந்தமாகக் கோழிப்பண்ணை போட்டு, அந்த வருமானத்தில் என்னைப் படிக்க வைத்தார். கோடையில் கோழிகள் வெயில் தாங்காமல் விழத் தொடங்கினால், கொட்டகைக் கூரையில் தண்ணீர் அடிக்கிற ஆட்களோடு தாமும் ஏணியில் நிற்பார். கல்யாணம் பற்றிக் கேட்ட உறவினர்களுக்கு அவர் சொன்ன பதில்களை இங்கே அச்சிட முடியாது.

விமானம் அவர் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு புகாரால். ஒரு சமயம் பண்ணையில் முட்டை குறைந்தது. மேலே சுற்றுகிற பயிற்சி விமானத்தின் சத்தத்துக்குத்தான் கோழிகள் மிரள்கின்றன என்று முடிவு செய்து, சேலம் விமான நிலையத்துக்குப் போய் அந்தப் பயிற்சிப் பள்ளியில் சண்டை போட்டார். கோழிகளை மிரட்டியது பக்கத்துத் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போட்ட ரிக் வண்டி என்பது பின்னால் தெரிந்தது. அதற்குள் அக்கா அந்தப் பள்ளியிலேயே சேர்ந்துவிட்டார். அப்போது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது.

அம்மாவிடம் அவர் சொன்னது, “லைசென்ஸ் எடுக்கப் போறேங்கம்மா” என்பது மட்டும்.

“காருக்குத்தான் இருக்குதே சாமி?”

“இது பெரிய வண்டிக்குங்க.”

நாமக்கல் பக்கம் பெரிய வண்டி லைசென்ஸ் என்றால் லாரிதான், வேறு எதுவும் இல்லை. அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அன்று முதல் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தெருவில் லாரி ஹாரன் அடித்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். அக்காவோ விமானத்தைத் திறமையாக மறைத்துவிட்டதாக நினைத்திருந்தார். இரண்டு பக்கமும் தெரிந்த எனக்கு வாயைத் திறக்கவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

பண்ணை அலுவலகத்தில், தீவன மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அக்கா வானிலையும் வழி கணிப்பும் விதிமுறைகளும் படித்தார். தேர்வுகளில் ஒன்றும் தடுமாறவில்லை. தடுமாறியது ரேடியோவில்தான். ‘ஆம்’ என்பதற்கு ‘அஃபர்ம்’ என்று சொல்ல வேண்டும். அக்கா “அஃபர்ம்ங்க” என்றாராம்.

பயிற்சியாளர் சென்னைக்காரர். “மேடம், அந்த ‘ங்க’ வேண்டாம்” என்றிருக்கிறார்.

“முகம் தெரியாதவங்ககிட்ட மரியாதையில்லாம எப்படிங்க பேசறது?” என்று கேட்டாராம் அக்கா.

பறந்துவிட்டு வருகிற நாள்களில் ஃபோனில் அவர் பேச்சை நிறுத்தவே முடியாது. பனமரத்துப்பட்டி ஏரியில் தம் விமானத்தின் நிழல் விழுந்து ஓடியதை ஒரு தடவை சொன்னார். நிழலோடு போட்டி போட்டதாகவும், தோற்றதாகவும். இன்னொரு நாள், “டேய், மேலிருந்து பாத்தா லாரியே தெரியாதுடா. தார்ப்பாய் மட்டுந்தான் போகும். நீலம், பச்சை, மஞ்சள். எவன் ஒழுங்கா இழுத்துக் கட்டிருக்கான்னு கூடத் தெரியுது” என்றார். அப்பா போன பிறகு லாரியைப் பற்றி அவர் சந்தோஷமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

தனியாக வேறோர் ஊருக்குப் பறந்து, அங்கே இறங்கித் திரும்ப வேண்டிய பயிற்சி நாள் வந்தது. நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்து, விமானங்களைக் காட்டுகிற செயலியைக் கைப்பேசியில் திறந்து வைத்திருந்தேன். ஒரு சின்னப் புள்ளி கிழக்கே நகர்ந்தது. மலைகளை நெருங்கியதும் காணாமல் போனது. செயலியை மூடித் திறந்தேன், இல்லை. பள்ளிக்கு ஃபோன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. டீக்கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, ஆராச்சும் ஆஸ்பத்திரிலீங்களா?”

“இல்லீங்க. அக்கா மேல இருக்குது.”

அவர் ஒரு கணம் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, எனக்கு இன்னொரு டீ வைத்தார். காசு வாங்கவில்லை. அக்கா இறந்துவிட்டதாக அவர் புரிந்துகொண்டார் என்பது வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. புள்ளி திரும்ப வரவேயில்லை. அக்காதான் வந்தார், நடந்து. “மலைக்கு அந்தாண்ட சிக்னல் எடுக்காதுடா, உனக்கு எதுக்கு அந்தக் கருமம்?” என்றார்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். “உங்க புள்ள ஏரோப்ளேன் ஓட்டுதாமே” என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்காவை எதிரே உட்கார வைத்தார். நான் சுவரோரம் நின்றேன்.

“அப்ப லாரி இல்லியா?”

“இல்லீங்கம்மா.”

“மேல எதுர்ல வண்டி வருமா?”

“வராதுங்க. வந்தாலும் ஆளுக்கொரு உசரம் குடுத்துத் தள்ளி உட்ருவாங்க.”

அம்மா, “ஓரத்துல நிறுத்தி வெச்சிருப்பாங்களா?” என்று கேட்டார்.

“மேல எதையும் நிறுத்தி வெக்க முடியாதுங்கம்மா.”

“அப்பப் போ” என்றார். “சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு எடு.”

விமானம் நிற்கிற இடத்தில் எதையும் போடக் கூடாது என்பதால், நிலையத்து வாசலில் காரின் சக்கரத்துக்கு வைத்து நசுக்கிவிட்டு உள்ளே போவதென்று சமாதானம் ஆயிற்று. அன்று இரவு அம்மா வயிறாரச் சாப்பிட்டார். என் பயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

உரிமம் கிடைத்த பிறகு வந்த முதல் ஆடிப் பதினெட்டுக்கு, பள்ளியின் விமானத்தை வாடகைக்கு எடுத்து பரமத்தி வேலூரில் காவிரிக்கு மேல் வருவதாக அக்கா சொன்னார். தம் வீடு எதுவென்று அவருக்குத் தெரிய வேண்டுமே என்று, அம்மா அப்பாவின் மஞ்சள் தார்ப்பாயை மொட்டை மாடிக்குத் தூக்கி வரச் சொன்னார். ஆடிக் காற்று அதை விரிக்க விடவில்லை. ஒரு முனையில் செங்கல் வைத்தால் மறுமுனை எழுந்தது. கடைசியில் அம்மாவே நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

ஆற்றில் கூட்டம். பாலத்துப் பக்கமிருந்து விமானச் சத்தம் கேட்டது. வெள்ளை விமானம் எங்கள் தெருவுக்கு நேராக வந்தது. நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். விமானம் ஒரு பக்கம் இறக்கை சாய்த்துத் திரும்பி, சேலம் பக்கமாகப் போயிற்று. அம்மா தார்ப்பாயை விடவில்லை. தலையை மட்டும் அண்ணாந்து, அது மறையும் வரை பார்த்தார்.

மாலையில் அக்கா ஃபோன் செய்தார். “பாத்தேங்கம்மா. நல்லாத் தெரிஞ்சீங்க. கையாட்டினீங்களே!”

“ஆமா சாமி” என்றார் அம்மா. ஃபோனை வைத்த பிறகு என்னைப் பார்த்தார். கையாட்டியது நான்.

அதற்குப் பின் அக்கா சில முறைதான் பறந்தார். உரிமத்துக்கான மருத்துவப் பரிசோதனையில் நோய் தெரிந்தது. சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு மருத்துவமனையில் இருந்த கடைசி வாரங்களில், ஜன்னலுக்கு வெளியே தென்னங்கீற்று ஆடுவதைப் பார்த்து, அன்று விமானங்கள் எந்தப் பக்கமாக இறங்கும் என்று சொல்வார். அந்த ஆடிப் பதினெட்டைப் பற்றி அவரிடமே கேட்டுவிடலாம் என்றேன். அம்மா விடவில்லை. “முடியாத புள்ளயப் போயி விசாரணை பண்ணாத” என்றார்.

பயிற்சியாளரிடம் கேட்டேன். அந்த உயரத்திலிருந்து தார்ப்பாய் நன்றாகத் தெரியும், கை ஆடுவதும் தெரியலாம், யார் என்று தெரியாது என்றார். இறக்கை சாய்ந்தது வணக்கமாகவும் இருக்கலாம், திரும்புவதற்காகவும் இருக்கலாம் என்றார்.

அக்காவுக்குச் சிகிச்சை தந்த மருத்துவர்களும், இரவு பகல் பாராமல் கவனித்த செவிலியர்களும், அவர் படுத்திருந்த மாதங்களில் ஒரு கோழிக்கும் தீவனம் தவறாமல் பார்த்துக்கொண்ட பண்ணை ஆட்களும், சென்னையிலிருந்து வந்து கடைசிவரை நின்ற பயிற்சியாளரும், பெயர் கேட்க மறந்துபோன அந்த டீக்கடைக்காரரும் எங்கள் குடும்பத்தின் நன்றிக்கு உரியவர்கள்.

இதுவரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “நான் தார்ப்பாயப் புடிச்சுட்டு உக்காந்திருந்ததும் தெரிஞ்சிருக்கும். நீ கையாட்டுனதும் தெரிஞ்சிருக்கும். என் மனசுக்காவ மாத்திச் சொல்லிருப்பா” என்றார். அதற்கும் சான்று இல்லை.

அந்த ஆடிப் பதினெட்டில் அக்கா மேலிருந்து அம்மாவைப் பார்த்தாரா என்பது, இந்த மலர் அச்சுக்குப் போகும் இன்று வரை உறுதி செய்யப்படவில்லை.