மாமாவின் காரை அம்மா சரிசெய்தது

மஸ்கட்டில் வேலை கிடைத்ததும் அம்மாவின் தம்பியான என் மாமா தன் காரை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறினார். பார்வைக்கு அது சாதாரணமான, வெயிலில் நிறம் வெளுத்த சின்னக் கார்தான். உள்ளே இருந்த இன்ஜின் மட்டும் சாதாரணமானதல்ல. கல்லூரி நாட்களில் மலைப்பாதைப் பந்தயங்களில் ஓட்டுவதற்காக மாமா அதைப் பிரித்து, காற்று உள்ளே போகும் துளைகளை அரத்தால் ராவிப் பெரிதாக்கி, பெரிய கார்புரேட்டரும் பந்தய வண்டிக்கான கேம்ஷாஃப்டும் பொருத்தியிருந்தார். ஓடும்போது காற்றாய்ப் பறக்கும். நின்ற இடத்தில்தான் அதற்கு இருப்புக்கொள்ளாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் உடம்பெல்லாம் நடுங்கி, இரண்டு முறை விக்கி, அணைந்துவிடும்.

ஆரியசாலையில் பெரியப்பாவின் மொத்த வியாபார மளிகைக் கடைக்குப் பின்னால் இருந்தது எங்கள் கூட்டுக் குடும்ப வீடு. அப்பா அந்தக் கடையில்தான் வேலை பார்த்தார். அண்ணன் சொல்லுக்கு மறுசொல் சொல்லி நான் அவரைப் பார்த்ததில்லை. அம்மா மட்டும் வங்கியில் அதிகாரியாக இருந்தார். அந்த வருடம் அவருக்குத் தொலைவில் மலையடிவாரத்தில் இருந்த வித்துராவுக்கு மாற்றல் வந்தது. பஸ்ஸில் போனால் விடியுமுன் கிளம்பி விளக்கு வைத்தபிறகுதான் திரும்பமுடியும். பெரியப்பா தம்பி மனைவியிடம் நேரடியாகப் பேசமாட்டார்; அம்மா பக்கத்தில் நிற்கும்போதே அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"வேலைய எழுதிக் குடுத்துரச் சொல்லு. நமக்கு என்னத்துக்கு இந்தப் பாடு?"

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா, "நான் தம்பி காரில போறேன்" என்றார்.

போனார். முதல் வாரமே பழவங்காடி சிக்னலில், பிள்ளையார் கோவிலுக்கு எதிரே, கார் அணைந்தது. வழியில் இருந்த என் பள்ளியில் இறக்கிவிடுவதற்காக அம்மா என்னையும் ஏற்றியிருந்தார். சாவியைத் திருப்பத் திருப்ப அது இருமியதே தவிரப் பிடிக்கவில்லை. பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தன. ஒரு கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "வண்டியொந்நு மாற்று சேச்சீ!" என்று வண்டியை நகர்த்தச் சொல்லி மலையாளத்தில் கத்தினார். கடைசியில் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து தள்ளினார்கள். அவர்களில் பாதிப் பேர் பெரியப்பாவிடம் சரக்கு எடுப்பவர்கள். நாங்கள் வீடு திரும்புமுன்பே சேதி கடைக்கு வந்துவிட்டது.

"திங்கக்கிழமையும் நடுரோட்டில நின்னுதுன்னா, அதோட வேல போதும்னு சொல்லிரு" என்றார் பெரியப்பா, அப்பாவிடம்.

கரமனையில் ஒரு ஒர்க்‌ஷாப்காரர் பார்த்தார். நல்ல மனிதர். "சேச்சி, இதில உள்ள பந்தய சாமானையெல்லாம் ஊரி எடுத்துட்டு, பழையபடி ஸ்டாண்டர்ட் ஆக்கணும். சாமான் வர ஒரு மாசம் ஆகும்" என்றார். அம்மாவிடம் ஒரு மாதம் இல்லை.

சனிக்கிழமை மதியம் அம்மா பழைய நைட்டியின் மேல் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, குடோன் முற்றத்தில் காரின் பானெட்டைத் திறந்தார். மல்லி மூட்டைகளின் நெடியில் நான் தும்மிக்கொண்டே பக்கத்தில் நின்றேன். அம்மா எதையும் தொடவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, அணையும்போதெல்லாம் மறுபடி முடுக்கி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டேயிருந்தார். அழுகிற குழந்தையிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பவர் முகத்தில் இருக்கும் பொறுமை அது. பிறகு மஸ்கட்டுக்கு போன் போட்டு, போனை இன்ஜின் பக்கத்தில் பிடித்தார்.

"அது பந்தய கேம்ஷாஃப்ட் அக்கா. துடிக்கத்தான் செய்யும்" என்றது மாமாவின் குரல், கொஞ்சம் பெருமையாக.

"துடிக்கட்டும்லே, வேண்டாம்னு யாரு சொன்னா? ஆனா தாளம் இல்லாம விக்குகே, அது உன் கேம் பண்ணுகதா? நல்லாக் கேளு."

அம்மா போனை இன்னும் கிட்டே கொண்டுபோனார். பிறகு, "ஸ்ஸ்னு ஒரு சத்தம் கேக்கு. அது நான் வச்சதில்ல. எங்கயோ காத்து இழுக்கு. தண்ணி தெளிச்சுப் பாரு, எங்கன்னு தெரியும்" என்றார் மாமா.

இஸ்திரி போடும்போது துணிக்குத் தண்ணீர் பீய்ச்சும் புட்டியை எடுத்துவர என்னை அனுப்பினார் அம்மா. ஒவ்வொரு குழாயிலும் ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சங்கொஞ்சமாகப் பீய்ச்சினார். ஒன்றும் நடக்கவில்லை. கார்புரேட்டருக்கு அடியில், அது இன்ஜினோடு சேரும் இடத்தில் தண்ணீர் பட்டதும் விக்கல் சட்டென்று நின்றது. தண்ணீர் உறிஞ்சப்பட்டதும் மறுபடி தொடங்கியது. அம்மா மறுபடி பீய்ச்சினார். மறுபடி நின்றது. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். மூக்கில் கரி.

கழற்றிப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. துளையைப் பெரிதாக்கிய மாமா, காற்றுப் புகாமல் அடைக்க நடுவில் வைக்கும் தாளான காஸ்கெட்டை மட்டும் கடையில் கிடைத்தபடியே வைத்துவிட்டார். ஒரு ஓரத்தில் அது துளையின் விளிம்பை மூடவேயில்லை. அந்த இடுக்கு வழியாக வேண்டாத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்த அளவில் காஸ்கெட் எங்கும் விற்காது. சாலைக் கடைத்தெருவில் காஸ்கெட் தாள் மட்டும் கிடைத்தது.

அம்மா உள்ளே போய் ஸ்டாம்ப் பேடை எடுத்துவந்தார். கார்புரேட்டரின் அடிப்பாகத்தில் ஊதா மையை ஒற்றி, தாளின்மேல் அழுத்தி எடுத்தார். துளைகளும் விளிம்புகளும் அச்சாக விழுந்தன. பெரிதாக்கப்பட்ட துளையை அளந்து அதையும் வரைந்துகொண்டு, நகம் வெட்டும் கத்தரிக்கோலால் மெதுவாக வெட்டினார். முதலாவது கிழிந்துபோனது. இரண்டாவது அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்ததைச் செய்து முடிக்க ஞாயிறு மதியமாகிவிட்டது. அவர் விரல்கள் பத்தும் ஊதாவாக இருந்தன. சாப்பிட்ட சோறும் ஊதாவானது. அப்பா வாசல்வரை வந்து பார்த்தார். அப்படியே திரும்பிப் போனார்.

எல்லாவற்றையும் பூட்டி முடுக்கினால், கார் ஒரு முறை அலறிவிட்டு அணைந்தது. எனக்கு அழுகை வந்தது. அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"ஓட்டை இருந்தப்ப அதுக்குத் தக்கன பெட்ரோலக் கூட்டித் திருப்பி வச்சிருக்கான் மக்கா. இப்ப ஓட்டை இல்லேல்லா, அதான்" என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் கார்புரேட்டரில் இருந்த ஒரு சின்னத் திருகாணியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பிக்கொண்டே வந்தார். சத்தம் கரகரத்தது, இறங்கியது, தெளிந்தது. கார் அப்போதும் துடித்தது. ஆனால் ஓட்டப்பந்தயம் முடித்தவன் நெஞ்சுபோல ஒரே சீராகத் துடித்தது. சாயங்காலம்வரை ஓடவிட்டும் அணையவில்லை.

மாடி ஜன்னலிலிருந்து பெரியப்பா அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார்: "இன்னும் ஆடுகே, பாத்தியா?"

அம்மா நிமிர்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடமே பதில் சொன்னார். "ஆடும் அத்தான். ஆனா ஆஃப் ஆகாது."

திங்கட்கிழமை காலை பழவங்காடியில் சரியாக எங்களுக்குச் சிவப்பு விழுந்தது. பின்னால் பஸ் வந்து ஒட்டி நின்றது. அம்மா ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடி அதிர்ந்தது, என் தண்ணீர் பாட்டில் அதிர்ந்தது, விரல்களின் ஊதா இன்னும் போகாத அம்மாவின் கைகளும் அதிர்ந்தன. இன்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது. என் அம்மாவைவிடப் பெரிய ஆள் உலகத்தில் யாரும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அந்த எண்ணத்தில் பெரிய மாற்றமில்லை.

அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். கோவில் முன்னால் தேங்காய் உடைக்கும் இடத்தருகே, வேட்டியை இறுக்கி மடித்துக் கட்டி, செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு, எங்கள் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். கடையில் சரக்கு லாரி வந்து நிற்கும் நேரம். அந்த நேரத்தில் பெரியப்பா யாரையும் கடையைவிட்டு நகரவிடமாட்டார்.

பச்சை விழுந்தது. கார் சீறிக்கொண்டு கிளம்பியது. நான் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அப்பா கார் மறையும்வரை நின்றுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கோவில் பக்கம் திரும்பாமலே கடையை நோக்கி வேகமாக நடந்தார்.

"அப்பா தேங்கா உடைக்க வந்திருக்காங்களாம்மா?"

"ஆமா மக்கா" என்றார் அம்மா. பின்னால் பார்க்கும் கண்ணாடியிலிருந்து அவர் இன்னும் கண்ணை எடுக்கவில்லை.

அப்பாவின் கையில் தேங்காய் இல்லாததை நான் கவனித்தேன். முன்பே உடைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சாமி கும்பிடத்தான் செருப்பைக் கழற்றுவார்கள் என்று நினைத்த வயது. கார் தள்ளப் போகிறவரும் செருப்பைக் கழற்றி வைப்பார் என்பது அன்று எனக்குத் தெரியாது.