கறுப்பு டயலில் விழுந்த தூள்

சுவிஸின் பீல் நகரத்துக்கு மணிக்கூட்டு வேலைக்கு வரும் நம்மவர்கள் முதலில் குளிருக்குப் பயப்படுவார்கள். பிறகு பாஷைக்கு, அந்த ஊரில் ஜெர்மனும் பிரெஞ்சும் இரண்டும் ஓடும். தூசிக்குப் பயப்பட வேண்டும் என்பது வேலைக்குள் போன பிறகுதான் தெரியவரும்.

எங்கள் அசெம்பிளி அறைக்குள் தொப்பி, வெள்ளை மேலங்கி, விரலுறை இல்லாமல் காலே வைக்க முடியாது. பவுடர், கிறீம் எதுவும் பூசக்கூடாது. கண்ணாடி மூடிய பிறகு டயலில் ஒரு தூசி தெரிந்தாலும் கொண்ட்ரோல் என்கிற தரச் சோதனையில் பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள். எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

1. சாம்பல் நிறம்

மாலதி அங்கே முள் பூட்டும் வேலைக்கு வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நிதானமான கை. ஆனால் புரோபெசைற் என்கிற தகுதிகாண் காலம் முடியவில்லை. அதற்குள் பிடிக்காவிட்டால் ஒரு வார்த்தையில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கணவன் முதுகு ஒபரேசன் முடித்துப் படுக்கையில் இருந்தான். வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது.

அவள் மேசையிலிருந்து போன கறுப்பு டயல்கள் மட்டும் திரும்பி வரத் தொடங்கின. மேலே சாம்பல் நிறத்தில் நுண்ணிய தூள். வெள்ளிக்கிழமைகளில் இன்னும் அதிகம்.

எங்கள் பகுதித் தலைவி ஃபிராவ் கெர்பர். அந்த மனுசிக்குக் கோபம் வருவதற்கு முன் ஆவல் வந்துவிடும். எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான். அவர் பேசியது சுவிஸ் ஜெர்மன்; மாலதிக்கு அதை மொழிபெயர்ப்பது பக்கத்து மேசையிலிருந்த நான்தான். என் காதில் விழுந்த மாதிரி எழுதுகிறேன்.

"சிவா, ஆர் செய்தது எண்டு பிறகு பாப்பம். முதல்ல இது என்ன சாமான் எண்டு எனக்குத் தெரியவேணும்."

விரலுறையை மாற்றினார், மேலங்கியை மாற்றினார், காற்று வரும் குழாயைக்கூடத் துடைப்பித்தார். தூள் நிற்கவில்லை. கடைசியில் துடைத்த கறுப்பு டயல் ஒன்றை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து, "வழக்கம்போல குனிஞ்சு பாரும்," என்றார். மாலதி குனிந்தாள். புருவம் வரை இழுத்துவிட்ட தொப்பியின் விளிம்பு நெற்றியில் உரசியது. டயலில் தூள் விழுந்தது.

திருநீறு. உடுப்பு மாற்றும் அறையில் நாள்தோறும் நான் பார்க்கிற நெற்றி. பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தூளாகவே தெரியவில்லை.

2. கழுத்துக்குக் கீழே

"பவுடரோ?" என்று கேட்டார் கெர்பர்.

ஓம் என்றால் விதியை மீறியவள் ஆகிவிடுவாள். "இல்லை, சாமிச் சாம்பல். மாட்டுச் சாணத்தை எரிச்சு எடுக்கிறது," என்றேன்.

"மாட்டுச் சாணமோ? இந்த நாட்டில இவ்வளவு மாட்டை வச்சுக்கொண்டு எங்களுக்கு இந்த யோசனை வரேல்லையே!"

சிரித்தார். ஆனாலும் உடனே கழுவச் சொன்னார். கழுவிவிட்டு வந்த மாலதியின் கண் சிவந்திருந்தது.

"அண்ணை, அவர் படுக்கையில கிடக்கேக்க நான் வெறும் நெத்தியோட இருக்கிறதோ? வேலை போனாப் போகட்டும்."

அதை அப்படியே மொழிபெயர்த்தேன். கெர்பர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டிக் கேட்டார்.

"நெத்தியில மட்டுந்தான் பூசலாமோ?"

"இல்லை. நெஞ்சு, தோள், கை, வயிறு, முழங்கால்..."

"அப்ப கழுத்துக்குக் கீழ எவ்வளவு இடம் கிடக்கு!"

மாலதி அழுதபடியே சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து திருநீறு மேலங்கிக்குள் போனது. வேலை முடிந்து முகம் கழுவி, நெற்றி நிறையப் பூசிக்கொண்டுதான் பஸ் ஏறுவாள்.

3. ஒரு சொட்டுத் தண்ணீர்

தகுதிகாண் காலம் முடிகிற வாரத்தில் ஒரு நாள். மாலதியின் தட்டிலிருந்து போன டயல்களில் மறுபடியும் தூள். இந்த முறை கதை மேல்மாடிக்குப் போய்விட்டது. தயாரிப்பு மேலாளர் இறங்கி வந்தார்.

"பழைய பிரச்சினைதானே? இண்டைக்கே கணக்கை முடிச்சு அனுப்புங்கோ."

மாலதி என்னைப் பார்த்தாள். "அண்ணை, சத்தியமா நெத்தியில ஒண்டும் இல்லை. சொல்லுங்கோவன்."

சொன்னேன். மேலாளர் முகம் கொடுக்கவில்லை. ஆனால் கெர்பர் டயலை மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிட்டார்.

"இது வெள்ளையா இருக்கு. அது சாம்பல் நிறம்," என்றார். பிறகு ஊசி முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்துத் தூளின் மேல் விட்டார். கரைந்து போயிற்று. "சிவா, உங்கட சாம்பல் தண்ணியில கரையுமோ?"

"கரையாது."

அவர் நிமிர்ந்து தன் மேலங்கிக் கையைப் பார்த்தார். அதிலும் அதே வெள்ளைத் தூள். அன்று ஒருவருக்குப் பிறந்தநாள். இங்கே பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்குத் தின்னக் கொடுக்க வேண்டும். காலை இடைவேளைக்குச் சீனித்தூள் கொட்டிய பெர்லினர் என்கிற இனிப்புப் பணிஸ் வந்தது. மேலங்கியைக் கழற்றாமலே கெர்பர் இரண்டு சாப்பிட்டிருந்தார். பிறகு நேரே வந்து, மற்ற மேசைகளை விட்டுவிட்டு, மாலதியின் தட்டுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து சோதித்திருக்கிறார். பழைய சந்தேகம். அந்தச் சந்தேகம்தான் சீனியை அவள் மேசைக்குக் கொண்டு வந்தது.

வேறொருவர் என்றால் டயலைத் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார். கெர்பர் மேலாளருக்கே அந்தக் கையை நீட்டினார்.

"ஆளைப் பிடிச்சிட்டன். நான்தான். என்ர கணக்கை முடிக்கப் போறீங்களோ?"

மேலாளர் திரும்பி மாடிப்படி ஏறினார். மாலதியின் வேலை நிரந்தரமானது.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பிழை வந்தால் ஆள் தேடாதீர்கள், முதலில் பொருளைப் பாருங்கள். ஆளைத் தேடினால் போன முறை அகப்பட்டவரே இந்த முறையும் அகப்படுவார்.

அன்று கெர்பர் மாலதியின் தோளில் தட்டிச் சொன்னதை நானே மொழிபெயர்த்துக் கொடுத்தேன்.

"இனி உம்மட சாம்பல் அங்கிக்கு உள்ள. என்ர சீனி கதவுக்கு வெளியில."