குப்பைமேட்டுக் காளானும் அப்பாவின் பெயரும்

என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், "காளானுக்குப் பெயர் வைத்தேன்" என்றுதான் சொல்வேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பிள்ளைக்குப் பெயர் வைக்க யாராலும் முடியும். அதுவரை எந்தப் புத்தகத்திலும் ஏறாத ஓர் உயிருக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயர் நிலைத்து நிற்க வேண்டுமென்றால் கொஞ்சம் பாடுபட வேண்டும். நான் பட்டிருக்கிறேன். அதில் எனக்குத் திமிர் உண்டு. இந்த வயதில் அதை மறைக்கப் போவதில்லை.

எழுபதுகளின் நடுவில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் துறையில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். விரிவுரையாளர்கள் காட்டிலிருந்து கொண்டுவரும் காளான்களைக் காயவைத்து, காகித உறையில் போட்டு, எங்கே எப்போது எடுத்தது என்று எழுதி, அலமாரியில் அடுக்குவது என் வேலை. பேசாமல் அடுக்கிக்கொண்டே இருந்திருக்கலாம். ஆனால் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் மைக்ரோஸ்கோப்பின் முன் உட்கார்ந்துவிடுவேன். இரண்டே வருடத்தில், எந்த உறையின்மேல் தப்பான பெயர் எழுதியிருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். சொல்லவும் செய்தேன். சிலருக்கு அதனாலேயே என்னைப் பிடிக்காமல் போனது.

அப்போது நாங்கள் தேக்காவில், பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் பஸ் பிடிக்கப் போகும் வழியில் பூக்கடைகளின் பின்சந்து. மாலை கட்டி மிஞ்சிய வாழைநாரும் வாடிய பூவும் அங்கே ஒரு மூலையில் குவிந்து மக்கிக் கிடக்கும். மழைக்காலத்தில் ஒரு காலை, அந்தக் குவியலின்மேல் சுண்டுவிரல் உயரத்தில் சாம்பல் நிறக் குடைகள் ஏழெட்டு நின்றன. வேலைக்குப் போகிற உடுப்போடு அப்படியே மண்டியிட்டுவிட்டேன்.

பூக்கடை அக்கா எட்டிப் பார்த்தார். "என்னாம்மா, தோடு கீடு விழுந்துருச்சா?"

"இல்லக்கா. ஒண்ணு கிடைச்சிருக்கு."

டிபன் டப்பாவில் இருந்த இட்லியை அவரிடம் கொடுத்துவிட்டு, டப்பாவைத் துடைத்து, காளான்களை அதில் வைத்துக்கொண்டு ஓடினேன். அந்த ரகம் பத்து மணி தாண்டினால் உருகி மைபோல ஒழுகிவிடும். அதற்குள் வரைந்து, நிறம் குறித்து, வெட்டிப் பார்க்க வேண்டும். அன்று ஆய்வகத்தில் யார் கூப்பிட்டும் நான் திரும்பவில்லை. அதன் வித்துகளைப் போன்ற வித்துகள் எங்கள் புத்தகங்கள் எதிலும் இல்லை. அந்த மழைக்காலம் முழுக்க அதே சந்துக்குப் போய், திரும்பத் திரும்பப் பறித்து, திரும்பத் திரும்ப அளந்தேன். ஒவ்வொரு தடவையும் அப்படியேதான் இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சந்தேகம் வந்தால் காய்ந்த காளானில் பாதியை நாம் வைத்துக்கொண்டு, மீதியை அந்த வகையில் கைதேர்ந்தவருக்கு அனுப்புவோம். ஐரோப்பாவில் இருந்த ஒரு நிபுணருக்கு, என் படங்களையும் குறிப்புகளையும் சேர்த்து அனுப்பினேன். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. இது புதிய இனம், சந்தேகமே இல்லை. தன் அடுத்த கட்டுரையில் இதை வெளியிடுவதாகவும், கண்டெடுத்த எனக்கு மரியாதை செய்ய என் பெயரையே வைக்கப்போவதாகவும் எழுதியிருந்தார். வைக்கப்போகும் பெயரையும் கொடுத்திருந்தார். அது என் அப்பாவின் பெயர்.

இதை வேற்று நாட்டார் யாருக்கும் எளிதில் புரியவைக்க முடியாது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் என் பெயர், அடுத்து 'இன்னாரின் மகள்' என்று அப்பாவின் பெயர். கடிதத்தில் கையெழுத்துக்குக் கீழே அப்படியேதான் தட்டச்சு செய்திருந்தேன். கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்று அவர் எடுத்துக்கொண்டார். "அன்புள்ள மிஸ்" என்று தொடங்கி அப்பாவின் பெயரைப் போட்டு, அதற்கு ஒரு லத்தீன் வாலையும் ஒட்டிவிட்டார்.

கடிதத்தை வீட்டில் சத்தமாக வாசித்தது நான் செய்த தவறு. அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டார். மறுநாள் விடியுமுன்னே காப்பிக்கடை முழுக்கச் செய்தி போய்விட்டது. "எம் பேரு சயன்ஸ்ல ஏறிருச்சு லா! உலகம் பூரா இனிமே எம் பேரைத்தான் சொல்லணும்!" என்று கோப்பி ஓ, அதாவது பால் சேர்க்காத கடுங்காப்பி, ஆறுவது தெரியாமல் பேசியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொன்னார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கோ அந்தப் பெயர் பிடிக்கவில்லை.

ஓர் உயிரினத்தின் பெயருக்குப் பின்னால், அந்தப் பெயரை வைத்தவரின் பெயரும் வரும். யாருக்கு மரியாதையாக வைத்தார்களோ அவர் வெறும் விருந்தாளி; பின்னால் நிற்பவர்தான் வேலை செய்தவர். நிபுணர் வெளியிட்டால் முன்னால் அப்பா பெயர், பின்னால் நிபுணர் பெயர். குப்பையில் மண்டியிட்ட நான் எங்குமே இல்லை. தப்பைத் திருத்தி என் பெயரை முன்னால் வைக்கச் சொல்லியிருக்கலாம்தான். எனக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. பின்னால் நிற்கும் இடம்தான் வேண்டும். அது வேண்டுமென்றால் நானே எழுதி வெளியிட வேண்டும், அப்பாவின் பெயரையும் எடுத்துவிட வேண்டும். வெளிநாட்டார் கண்ணுக்கு அப்பா பெயர்தான் என் பெயர்; தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் அழகில்லை.

அப்பாவிடம் நேராகவே சொன்னேன்.

"அப்ப எம் பேரு?" என்றார்.

"இருக்காதுப்பா."

"காப்பிக்கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே."

அம்மா குறுக்கே வந்தார். "அவரு ஆசைப்படுறாரு. விட்டுக்குடேன். அப்பா பேரு வேற, உம் பேரு வேறயா?"

"வேறதாம்மா. குனிஞ்சு எடுத்தது நானு."

அப்பா எழுந்து போய்விட்டார். காப்பிக்கடையில் அவரை என்ன கேலி செய்வார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றிரவே நிபுணருக்கு நன்றி சொல்லி, நானே எழுதிக்கொள்கிறேன் என்று கடிதம் போட்டேன். கண்டெடுத்தவரின் உரிமை அது என்று அவர் பெருந்தன்மையாகவே பதில் எழுதினார். லத்தீனில் விவரணை இல்லாவிட்டால் பெயர் செல்லாது என்று கடைசி வரியில் நினைவூட்டவும் மறக்கவில்லை.

தேக்காவில் எனக்கு லத்தீனுக்கு எங்கே போவது? எங்கள் கோயில் சாமியாரிடம் போனேன். பழைய காலத்தில் லத்தீனில் பூசை வைத்தவர். குறிப்பை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "பாவம், இரக்கம், ஆட்டுக்குட்டி, இதுக்கெல்லாம் எங்கிட்ட வார்த்தை இருக்கும்மா. குடைக்கு அடியில இருக்குற மடிப்புக்கு இல்லையே!" நூலகத்திலிருந்து தாவரவியல் லத்தீன் அகராதியைத் தூக்கிப் போனேன். வார்த்தைகளை நான் தேடினேன், அவர் வாக்கியமாகக் கோத்தார். பத்து வரிக்கு ஆறு சனிக்கிழமைகள் ஆயின. பூமாலைக்கு உரியது என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல்லைக் காளானுக்குப் பெயராக வைத்தேன். என் பெயரை எங்கள் முறைப்படியே எழுதினேன். முதலில் அப்பாவின் பெயருக்கு ஒரே ஒரு முன்னெழுத்து, அப்புறம் என் பெயர் முழுதாக.

ஒரு வருடத்துக்கும் மேலாக அப்பா என்னிடம் சரியாகப் பேசவில்லை. "சாப்பிட்டாளான்னு கேளு" என்பார் அம்மாவிடம், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. கட்டுரை அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை அவர் முன் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு, விரல் வைத்துத் தேடினார்.

"ஒத்த எழுத்துதானா?" என்றார்.

"ஆமாப்பா."

மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு காப்பிக்கடைக்குப் போனார்.

அந்தக் கட்டுரைதான் எனக்குக் கதவைத் திறந்தது. வேலை பார்த்துக்கொண்டே படித்துப் பட்டம் வாங்கினேன். அடுக்கிவைத்த கையே ஆராய்ச்சிக்கும் வந்தது. அதற்கப்புறம் இன்னும் பல காளான்களுக்குப் பெயர் வைத்தேன், எல்லாவற்றின் பின்னாலும் நான் நிற்கிறேன். உலகத்தில் எவர் அவற்றைப் பற்றி முறையாக எழுதினாலும் என் பெயரையும் எழுதியாக வேண்டும். இதைச் சொல்லும்போது என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது.

எண்பதுகளில் நாங்கள் கிளமெண்டியில் அடுக்குமாடி வீட்டுக்கு மாறியபின், அந்த ஐரோப்பிய நிபுணர் ஒரு மாநாட்டுக்காகச் சிங்கப்பூர் வந்தார். என்னைப் பார்க்க வேண்டுமென்றார், வீட்டுக்கே அழைத்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அப்பா, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் மதியத்திலிருந்தே தயாராக உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்ததும் நிபுணர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "மிஸ்டர்" என்று சொல்லி என் பெயரைச் சொன்னார். கட்டுரைகளில் கடைசியில் இருப்பது அதுதானே! பத்து வருடமாகியும் மனிதர் அதே தப்பைத்தான் செய்தார்.

திருத்த நான் வாயைத் திறப்பதற்குள், "யெஸ், யெஸ், கம், சிட்" என்று அப்பா முந்திக்கொண்டார். அந்தச் சாயங்காலம் முழுக்க நிபுணர் 'மிஸ்டர்' சேர்த்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட, அப்பா ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னார்.

லிஃப்ட் வரை போய் அவரை அனுப்பிவிட்டு வந்து கேட்டேன். "ஏன்ப்பா, அது உங்க பேரு இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அப்பா சட்டைக் கை பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "பொறந்ததுலேர்ந்து நீ எம் பேரைச் சுமக்குற. ஒரு சாயங்காலம் உம் பேரை நான் சுமந்தா கொறைஞ்சா போயிருவேன்?"