மூன்றாம் பத்தி

உடற்பயிற்சியின் நன்மைகளை என் அளவுக்குத் தெரிந்து வைத்திருப்பவர்கள் பினாங்குத் தீவில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் முன்னுரையிலிருந்து முடிவுரை வரை ஒப்பிப்பேன். நான் உடற்பயிற்சி செய்கிறேனா என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

அப்போது ஆறாம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது. தமிழ்ப்பள்ளியில் படித்த எங்களுக்கு மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்வதுதான் பாதிப் படிப்பு. மற்ற பாடங்களில் நான் சுட்டி. கட்டுரையில் மட்டும் மக்கு. முன்னுரையை எழுதிவிட்டு, நடுவில் இருப்பதையெல்லாம் மறந்து, நேராக முடிவுரைக்குப் போய் நன்றி சொல்லிவிடுவேன். இந்த ஒரு தாளால் என் ஏ போய்விடும் என்று ஆசிரியை அப்பாவை வரவழைத்துச் சொல்லிவிட்டார். அன்று வீட்டில் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பள்ளி மண்டபத்தில் மாணவர்களுக்கு ஊக்கமூட்டும் தன்முனைப்பு முகாம் நடந்தது. டை கட்டிய ஒருவர் கற்கும் முறைகளைப் பற்றி மைக்கைப் பிடித்துக்கொண்டு முழங்கினார். தினமும் போகிற பாதையை மனத்தில் கொண்டுவாருங்கள், நினைவில் வைக்க வேண்டியதை வழியில் ஒவ்வோர் இடமாக இறக்கி வையுங்கள், தேர்வில் அதே பாதையில் போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பெற்றோர் வரிசையில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். பாயான் பாரு மின்னணுத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்த அப்பா தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். மறுநாள் காலை என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றியபோதுதான், அவர் ஒரு சொல்லைக்கூட விடாமல் கேட்டிருந்தார் என்று தெரிந்தது.

உடற்பயிற்சிக் கட்டுரையின் முன்னுரையை எங்கள் அடுக்குமாடி லிஃப்டின் வாசலில் வைத்தோம். இரண்டாம் பத்தி ரொட்டி சானாய் கடையில். மூன்றாம் பத்தி தொழிற்சாலை பஸ்கள் நிற்கும் இடத்தில், பெரிய மரத்தடியில். நான்காம் பத்தி சமிக்ஞை விளக்கில். முடிவுரை பள்ளி வாசலில். அப்பா ஓட்டுவார், நான் பின்னால் உட்கார்ந்து அவர் காதுக்கு எட்டும்படி கத்துவேன். மூன்றாம் பத்தி இதயத்தைப் பற்றியது. நாள்தோறும் உடற்பயிற்சி செய்வோரின் இதயம் வலுப்பெறும், மாரடைப்பு அவர்களை அண்டாது என்று அதில் வரும். தொப்பையும் சிகரெட்டுமாக இருந்த அப்பா முதல் முறை அதைக் கேட்டு ஹெல்மெட்டுக்குள் சிரித்தார்.

“உன் கட்டுரைப்படி பாத்தா நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருக்கணும் லா” என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, அப்பனும் மகளும் லிஃப்டை விட்டுப் படியில் இறங்கிப் போங்கள் என்றார். படியில் பத்தி எதுவும் இல்லையே என்று நான் வாயடித்தேன்.

தேர்வு நெருங்க நெருங்க, மற்ற இடங்களில் நிற்காத மோட்டார் மரத்தடியில் மட்டும் நிற்கத் தொடங்கியது. அப்பா ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொள்வார். ஒரு கையால் நெஞ்சை நீவுவார். ரொட்டி சானாய் தின்றால் அவருக்குக் காற்று ஏறிக்கொள்ளும், ஏப்பம் விட்டால் சரியாகிவிடும். திரும்பிப் பார்க்காமலே, “இந்தப் பத்திய இன்னொரு தடவ சொல்லும்மா” என்பார். சொல்வேன். சில நாள் மறுபடியும் கேட்பார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்றாம் பத்தியில்தான் நான் தடுமாறுகிறேன் போலிருக்கிறது என்று குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அதையே உருப்போட்டேன்.

தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு நாள், மரத்தடியில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றோம். பஸ்ஸிலிருந்து இறங்கிய அக்காமார்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அப்பாவின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை. அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன், ஒரு கால்புள்ளியைக்கூட விடாமல். கடைசியில் அவர், “போதும்மா. நல்லா இருக்கு” என்றார். அதற்குமுன் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. பள்ளி வாசலில் இறங்கியபோது எனக்குக் கால் தரையில் படவில்லை.

அப்பா வீடு திரும்பவில்லை. திரும்பும் வழியில் அதே மரத்தடியில் மோட்டாரை ஒழுங்காக ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். ஷிஃப்ட் களைப்பில் தூங்குகிறார் என்று நினைத்து யாரும் எழுப்பவில்லை. ஒரு பஸ் ஓட்டுநர் தொட்டுப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வீடு நிறைய ஆட்கள் இருந்த நேரத்தில் அம்மா என்னை அறைக்குள் இழுத்துப்போய், காலையில் அப்பா எப்படி இருந்தார், ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நல்ல செய்தியைச் சொன்னேன்.

“மூணாவது பத்திய நான் தப்பே இல்லாம சொன்னேம்மா. நல்லா இருக்குன்னாரு.”

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு வேறெப்போதும் கேட்டிராத ஒரு குரலில் அழுதார். எனக்குப் பயமாக இருந்தது.

தேர்வில் அந்தத் தலைப்பே வந்தது. கண்ணை மூடினேன். லிஃப்ட், ரொட்டி சானாய் கடை. மரத்தடியில் மோட்டார் நின்றது, முன்னால் அப்பாவின் முதுகு. மூன்றாம் பத்தியை எழுதி முடித்த பிறகும் மோட்டார் கிளம்பவில்லை. கண்காணிப்பாளர் நேரத்தை அறிவித்தபோது, நான்காம் பத்திக்கு நடந்துதான் போனேன். முடிவுரைக்கும் அப்படித்தான். ஏ கிடைத்தது. இழவு வீட்டுப் பிள்ளைக்கு என்ன நெஞ்சுரம் என்று எல்லோரும் வியந்தார்கள்.

போன வருடம் அம்மாவை இதயப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். நடக்கும்போது நடுவில் நிற்க வேண்டியிருக்கிறதா என்று மருத்துவர் கேட்டார். அம்மா இல்லை என்றார். மருத்துவர் சிரித்துக்கொண்டே, பலரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், வலி வந்தால் நின்று, கடையைப் பார்ப்பது போலவோ போனைப் பார்ப்பது போலவோ ஏதாவது சாக்குச் சொல்லிச் சமாளிப்பார்கள் என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு இது எப்போதோ தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் பத்தியில் நான் ஒரு நாளும் தடுமாறியதே இல்லை.