குறை சொல்லாத ஊரில் அடுத்த வெர்ஷன்

அவினாசி ரோட்டில் நடந்த ஒரு கம்ப்யூட்டர் கண்காட்சியில், யாரோ ஒருவர் விண்டோஸில் மவுஸால் ஒரு கட்டத்தைப் பிடித்துத் திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார். அதைப் பார்த்த நிமிஷம்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. எங்கள் கருவியும் இப்படி ஆக வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போதே முன் சீட்டின் முதுகில் விரலால் மெனு வரைய ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் கருவி புரோகிராம் எழுதுகிறவர்களுக்கானது. ஒரு கடையின் பில் எப்படி வர வேண்டும் என்று கறுப்புத் திரையில் கீ தட்டித் தட்டி வரைந்து வைத்தால், அதற்கான புரோகிராமை அதுவே எழுதித் தந்துவிடும். காலேஜ் முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நான் செய்தது. கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் பில்லிங் புரோகிராம் போட்டுப் பிழைப்பவர்கள் வாங்கியிருந்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலையே வரவில்லை. கூடப் படித்தவள் பெங்களூரிலிருந்து போன் செய்து விண்டோஸ், விண்டோஸ் என்பாள். நான் இங்கே பில்லில் மொத்தத்துக்கு மேலே வரும் கோடு ஏன் ஓர் எழுத்து தள்ளி விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். சரிசெய்ததை அவ்வப்போது பிளாப்பியில் போட்டு வாங்கியவர்களுக்கு அனுப்புவேன். அதன் உள்விவகாரம் என் ஒருத்திக்குத்தான் தெரியும். அதனாலேயே யாரும் என்னை அதிலிருந்து விடுவதாக இல்லை.

முதலாளியிடம் சொன்னேன். பம்பு செட் கம்பெனி வீட்டுப் பிள்ளை. எதையும் மறுத்துப் பேச மாட்டார்.

"தாராளமாச் செய்யலாம் அம்மணி. வாங்குனவங்க யாராச்சும் பழசு போதலைன்னு சொல்லோணும், அவ்வளவுதான். கேக்காத சாமானத்துக்கு நாம எதுக்குக் கடை விரிக்கறது?"

அது மறுப்புதான் என்று புரியவே எனக்குச் சில மாதம் பிடித்தது.

வாங்கியவர்களுக்கெல்லாம் கருத்துக் கேட்டுப் பதில் கார்டு அனுப்பினேன். திரும்பி வந்த கார்டுகள் கல்யாண வாழ்த்து மாதிரி இருந்தன. தங்கள் சாப்ட்வேர் மிக நன்றாக உள்ளது, மேன்மேலும் வளர வாழ்த்துகள். சரி என்று நேரிலேயே போனேன். திருப்பூரில் காபி கிடைத்தது, ஈரோட்டில் இளநீர் கிடைத்தது. குறை மட்டும் கிடைக்கவில்லை. தேடி வந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்து உன் சாமான் சரியில்லை என்று சொல்ல எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் வாய் வராது. எனக்கும் வராது. அவர்கள் பாராட்டப் பாராட்ட என் விண்டோஸ் தள்ளிக்கொண்டே போனது.

மிச்சமிருந்தவர் ஒப்பணக்காரத் தெருவில் ஒரு மாடியில் உட்கார்ந்து ஜவுளிக் கடைகளுக்குப் புரோகிராம் எழுதிக்கொடுத்த பாய். கலகலப்பான மனிதர், ஏதாவது சொல்லிவிடுவார் என்று நம்பிப் போனேன்.

"பாய், குறை இருந்தாச் சொல்லுங்க. திட்டுனாலும் சரிங்க."

"குறையா? உன் சாமான் இல்லைன்னா நான் இன்னும் ஒவ்வொரு வரியாக் கையில அடிச்சுட்டு இருப்பேன் தங்கச்சி. டீ சொல்லட்டுமா?"

"டீ வேண்டாங்க. குறைதான் வேணும்."

"நீ என்ன, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களாட்டம் குறை தேடிட்டு வந்திருக்கே?" சிரித்தார். பிறகு கீபோர்டைத் துடைத்தபடியே, "எனக்கு ஒன்னும் இல்லை. பக்கத்து ஆபீஸ்காரருதான் கொஞ்சம் வருத்தப்பட்டாரு" என்றார்.

"அவரும் நம்ம கருவிதானுங்களா?"

"ஆமா. போன தடவை புது பிளாப்பி அனுப்புனீங்கல்ல? அதைப் போட்டாராம். பழைய கடைகளுக்கு வரைஞ்சு வெச்ச பில் ஒன்னுகூடத் திறக்கலையாம். தீபாவளிக் கூட்டம், கடைக்காரங்க தலைமாட்டுல நிக்கறாங்க. பாவம், அத்தனையையும் மறுபடி உக்காந்து வரைஞ்சுபோட்டாரு. அதுக்கப்புறம் நீங்க அனுப்பற கவரைப் பிரிக்கறதே இல்லையாம்."

நான் எட்டிப் பார்த்தேன். பக்கத்து அறையில் துணி மூட்டைகள்தான் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. ஒரு நாற்காலிகூட இல்லை. நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"டீ சொல்லீர்றேன்" என்று எழுந்துபோனார்.

அவர் வருவதற்குள் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. புது பிளாப்பியில் பில்லைச் சேமிக்கும் முறையை நான் மாற்றியிருந்தேன். விண்டோஸ் வெர்ஷன் என்றால் இவர்களுக்கு அதே தீபாவளி இன்னொரு தடவை. பிறகு யார் வந்து முதலாளியிடம் புதுசு வேண்டும் என்று கேட்பார்கள்?

டீ வந்தது. "அந்தப் பக்கத்து ஆபீஸ்காரர் வேற என்னவெல்லாம் சொன்னாருங்க?" என்றேன்.

டீ ஆடை கட்டும்வரை பேசினார். பக்கத்து ஆபீஸ்காரருக்கு மார்ஜின் பிடிக்கவில்லை. ஹெல்ப் திரையில் இருந்த என் இங்கிலீஷ் பிடிக்கவில்லை. கருவி தொடங்கும்போது எங்கள் கம்பெனி பேர் வந்து நிற்பது அறவே பிடிக்கவில்லை.

"பழைய பில்லெல்லாம் அப்படியே திறந்தா, மவுஸ் வெச்ச வெர்ஷனை அவர் கேப்பாருங்களா?"

பாய் யோசித்தார். "மொதல்ல திறக்கட்டும், அப்புறம் பாக்கலாம்பாரு."

பாயிடம் இருந்த பழைய பில்களை ஒரு பிளாப்பியில் காப்பி எடுத்துத் தரக் கேட்டேன். பக்கத்து ஆபீஸ்காரருடையது, பத்திரம் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

மெனுவும் மவுஸும் அப்புறம். முதலில், இந்தப் பழைய பில்களை ஒன்று விடாமல் திறந்து விண்டோஸில் காட்டும் ஒரு சின்னப் புரோகிராம். அதற்கு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் சாவி வேண்டும். எதற்கு என்று முதலாளி கேட்பார். ஒருத்தர் கேட்டிருக்கிறார் என்று சொல்லலாம். யார் என்று கேட்டால்தான் சிக்கல். அதற்கு முன்னால் திருப்பூருக்கு இன்னொரு தடவை போய், அங்கே பக்கத்து ஆபீஸ்காரர்கள் என்ன கஷ்டப்படுகிறார்கள் என்று விசாரித்துவிட வேண்டும்.